கெர்னலுக்குள் யூசர் பாயிண்டரை நேராகப் படித்தால் என்ன தப்பு?

கேள்வி, 11 மார்ச் 2025, இரவு 9.50

ஒயிட்ஃபீல்டில் ஒரு சின்ன கம்பெனியில் லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆப் டிரைவரிடம் வேலை கேட்க வரும் என் ஐஆக்டல் ஃபங்ஷனில் யூசர் புரோகிராம் கொடுக்கும் பாயிண்டரை (மெமரி முகவரியை) நேராகவே படிக்கிறேன், யூசர் மெமரியைக் கெர்னலுக்குள் நகலெடுக்கும் காப்பி_ஃப்ரம்_யூசர் எல்லாம் இல்லை. ராஸ்பெரி பை 4-இல் மாதக்கணக்கில் ஓடுகிறது. அதே கோடை பை 5-இல் ஏற்றினால் முதல் தடவை கூப்பிட்டதுமே கெர்னல் ஊப்ஸ், அதாவது கெர்னலுக்குள் பிழை என்ற அறிவிப்பு. பை 5 கெர்னலில்தான் பக் என்று நான் சொல்கிறேன், டீம் லீட் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். அதே பிராசஸின் மெமரி மேப்தானே, கெர்னலுக்கு எல்லாவற்றையும் படிக்க அதிகாரம் இருக்கிறதுதானே? அப்புறம் எதற்கு ஒரு நகல், வீண் வேலை?

பதில், 11 மார்ச், இரவு 11.20

ஊப்ஸின் முதல் வரியை மட்டும் இங்கே போடுங்கள் தம்பி. "அக்சஸ் டு யூசர் மெமரி அவுட்சைட் யூஅக்சஸ் ருட்டீன்ஸ்" என்று இருந்தால் கெர்னல் தானே பதிலைச் சொல்லிவிட்டது.

12 மார்ச், காலை 7.05

அதே வரிதான் என்று போட்டிருக்கிறீர்கள். சரி.

பை 4-இல் இருப்பது கார்டெக்ஸ் ஏ72, அது ஏஆர்எம் வி8.0. பை 5-இல் ஏ76, வி8.2. நடுவில் வி8.1-இல் வந்து சேர்ந்ததுதான் பான் என்ற வசதி. கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது யூசர் பேஜை (யூசர் மெமரியின் ஒரு துண்டை) தொட்டால் சிப்பே தடுத்து ஃபால்ட் எழுப்பும். காப்பி_ஃப்ரம்_யூசர் போன்ற முறையான ருட்டீன்களுக்கு மட்டும் வழி உண்டு: ஏஆர்எம்மில் யூசருக்கு என்ன உரிமையோ அதே உரிமையோடு படிக்கிற தனி இன்ஸ்ட்ரக்ஷன்கள் இருக்கின்றன. இன்டெல் பக்கம் இதற்குப் பெயர் ஸ்மாப். லினக்ஸ் 3.7 காலத்திலேயே, 2012-இல், அதற்கு ஆதரவு வந்துவிட்டது. சிப் 2014-இல் பிராட்வெல்லோடு வந்தது. ஸ்டாக் என்ற இன்ஸ்ட்ரக்ஷன் தடையை எடுக்கும், க்ளாக் திரும்பப் போடும். காப்பி_ஃப்ரம்_யூசர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலையை முடிக்கிறது.

சிப்பில் பான் இல்லாவிட்டாலும் மென்பொருளாலேயே அதைப் போல நடத்த கெர்னலில் ஒரு அமைப்பு இருக்கிறது. உங்கள் பை 4 கெர்னலில் அது போடப்படவில்லை, அதனால் உங்கள் கோடு மாட்டாமல் ஓடியது. டீம் லீட் சொல்வதுதான் சரி.

12 மார்ச், இரவு 10.10

காலையில் அவசரமாக ஹார்டுவேர் கதையை மட்டும் எழுதிவிட்டுக் கிளம்பினேன். உங்கள் கேள்வியில் இருந்த "அதிகாரம் இருக்கிறதுதானே" என்ற இடம்தான் எனக்கு முக்கியம்.

கெர்னலுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆபத்தே அதுதான். யூசர் அனுப்புவது ஒரு எண், அவ்வளவே. அந்த எண் உங்கள் டெஸ்ட் புரோகிராம் மாலக் செய்து வாங்கிய இடமாக இருக்கலாம். சும்மா பூஜ்யமாக இருக்கலாம். கெர்னலின் சொந்த டேட்டா இருக்கும் முகவரியாகவும் இருக்கலாம். உங்கள் டிரைவர் அந்தப் பாயிண்டரில் பதிலை எழுதுகிறது என்று வையுங்கள். சாதாரண யூசர் ஒருவர் தன் பிராசஸின் யூஐடி (யாருடையது என்று சொல்லும் எண், ரூட்டுக்கு அது பூஜ்யம்) கெர்னலில் எந்த முகவரியில் இருக்கிறதோ அந்த எண்ணைக் கொடுத்தால், உங்கள் டிரைவர் மறுபேச்சு இல்லாமல் அங்கே எழுதும். எழுதிய மதிப்பு பூஜ்யமாக இருந்தால் அவர் ரூட் ஆகிவிட்டார். பான், ஸ்மாப் இரண்டுமே இதைத் தடுக்காது. தொட்டது யூசர் பேஜே இல்லையே.

பூஜ்யம் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் எங்கள் எலக்ட்ரானிக் சிட்டி லேபில் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய சென்சார் டிரைவர் அது. மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டை) வாங்கிக்கொண்டு உள்ளே போய், யூசர் பாயிண்டரை நேராகப் படிக்கும். ஆப்பில் இருந்த ஒரு பிழையால் ஒருநாள் பூஜ்யம் வந்தது. ஊப்ஸ் அடித்தது, கூப்பிட்ட பிராசஸ் செத்தது, மியூடெக்ஸ் பூட்டியபடியே கிடந்தது. அதற்கப்புறம் அந்த சென்சாரைத் திறந்த ஒவ்வொரு பிராசஸும் பிஎஸ் கட்டளை காட்டும் பட்டியலில் "டி" (எழுப்ப முடியாத காத்திருப்பு) என்று வரிசையாக நின்றது. கில் மைனஸ் 9 போட்டாலும் ஒன்றும் அசையவில்லை. போர்டை ரீபூட் செய்வதைத் தவிர வழியில்லை. ஆப்பில் ஒரு பூஜ்யம், அதற்கு மொத்த மெஷினும் பலி.

13 மார்ச், மதியம் 1.30

இன்னொருவர் கேட்கிறார்: "அக்கா, ஆக்சஸ்_ஓகே போட்டுப் பார்த்துவிட்டு நேராகப் படித்தால் போதாதா?"

போதாது. ஆக்சஸ்_ஓகே பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: கொடுத்த முகவரியும் நீளமும் யூசர் பாதிக்குள் அடங்குகிறதா என்று. எக்ஸ்86-64-இல் வழக்கமான நாலடுக்குப் பேஜ் டேபிளில் அந்தப் பாதி 47 பிட், 128 டெராபைட். அதற்குள் எது மேப் ஆகியிருக்கிறது, எதில் எழுதலாம் என்றெல்லாம் அது பார்ப்பதே இல்லை. படிக்கவா எழுதவா என்று ஒரு ஆர்குமென்ட் முன்பு இருந்தது. பெரும்பாலும் யாரும் மதிக்காத ஆர்குமென்ட் என்பதால் 2019-இல் 5.0-இல் அதையே தூக்கிவிட்டார்கள்.

சரி, மேப் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால்? பஸ் ஜன்னல் வழியாக சீட் காலி என்று பார்த்துவிட்டு ஏறினால், நீங்கள் உள்ளே போவதற்குள் யாராவது துண்டு போட்டிருப்பார்கள். அதே பிராசஸின் இன்னொரு திரெட் நடுவில் எம்அன்மேப் செய்து அந்த மெமரியையே எடுத்துவிடலாம். நீங்கள் பார்த்த நொடிக்கும் தொடும் நொடிக்கும் இடையில் எதுவும் நடக்கலாம்.

அதனால் லினக்ஸ் முன்கூட்டிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவழிப்பதே இல்லை. பழைய காலத்தில் வெரிஃபை_ஏரியா என்று ஒன்று இருந்தது, ஒவ்வொரு தடவையும் மேப்பை நடந்து பார்க்கும். 1996-இல் 2.1 வரிசையில் அதை ஓரங்கட்டிவிட்டு எக்ஸெப்ஷன் டேபிளைக் கொண்டுவந்தார்கள். யூசர் மெமரியைத் தொடும் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரியும், அது விழுந்தால் எங்கே தாவ வேண்டும் என்ற முகவரியும் ஜோடியாக ஒரு அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். ஃபால்ட் வந்து, அந்தப் பேஜைக் கொண்டுவர முடியாவிட்டால், ஹேண்ட்லர் அட்டவணையைப் பார்க்கும். இருந்தால் மீட்பு இடத்துக்குத் தாவும், உங்களுக்கு மைனஸ் 14 (மைனஸ் ஈஃபால்ட், தவறான முகவரி என்ற பிழை எண்) போய்ச் சேரும். இல்லாவிட்டால் ஊப்ஸ். ஒழுங்காக ஓடும்போது இதற்காக ஒரு சைக்கிள்கூடக் கூடுதலாகச் செலவாகாது. கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது.

நீங்கள் நேராகப் படித்த வரிக்கு அந்த அட்டவணையில் இடம் கிடையாது. நகல் எடுப்பது வீண் வேலையா என்று கேட்டீர்களே தம்பி, அந்த நகலோடு சேர்ந்து வருவது இந்த இடம்தான்.

13 மார்ச், இரவு 11.00

மாற்றி எழுதிய கோடைப் போட்டதற்கு சந்தோஷம். ஆனால் ஒரு வரி கண்ணை உறுத்துகிறது. காப்பி_ஃப்ரம்_யூசர் என்ன திருப்பித் தருகிறதோ அதையே ஐஆக்டலின் பதிலாகத் தருகிறீர்கள்.

அது பிழை எண் தருவதில்லை. நகலாகாமல் மிச்சம் நின்ற பைட்டுகளின் எண்ணிக்கையைத் தருகிறது. 24 பைட் மிச்சம் என்றால் யூசருக்கு 24 போகும். அங்கே ஆப் எழுதியவர் "பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் பிழை" என்று வைத்திருப்பார். 24 அவருக்கு வெற்றி! மிச்சம் ஏதாவது இருந்தால் மைனஸ் ஈஃபால்ட் என்று நீங்களே மாற்றித் தர வேண்டும். கெட்_யூசர், புட்_யூசர் இரண்டும் நேராக மைனஸ் ஈஃபால்ட்டையே தரும். இந்த வித்தியாசத்தால்தான் எல்லாருக்கும் குழப்பம்.

இன்னொன்று. பாதியில் விழுந்தால் உங்கள் பஃப்பரின் மிச்ச இடத்தை காப்பி_ஃப்ரம்_யூசர் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். பழைய கெர்னல் குப்பை அங்கே தங்கி, பிறகு எப்படியாவது வெளியே கசியக்கூடாது என்பதற்காக. அந்தப் பூஜ்யங்களைப் பார்த்து டேட்டா வந்துவிட்டது என்று நம்பி மேலே போகாதீர்கள்.

15 மார்ச், காலை 11.40

சனிக்கிழமை, கொஞ்சம் விரிவாக எழுத நேரம் இருக்கிறது. ஒரே யூசர் மதிப்பை இருமுறை எடுப்பது பற்றி.

ரிவ்யூவுக்கு வரும் டிரைவர்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. யூசர் அனுப்பும் ஸ்ட்ரக்சரின் தலையில் நீளம் என்று ஒரு ஃபீல்டு. டிரைவர் முதலில் கெட்_யூசர் போட்டு நீளத்தை மட்டும் எடுக்கிறது. 64-ஐத் தாண்டவில்லையா, சரி. நீளத்துக்கு ஏற்ற பஃப்பரை ஒதுக்குகிறது. அப்புறம் தலையோடு சேர்த்து முழு ஸ்ட்ரக்சரையும் காப்பி_ஃப்ரம்_யூசர் போட்டுக் கொண்டுவருகிறது. அதற்குக் கீழே இருக்கும் லூப், நகலுக்குள் இருக்கும் நீளத்தைப் பார்த்து ஓடுகிறது.

ஒவ்வொரு கூப்பிடுதலும் முறைப்படி இருக்கிறது. ஒவ்வொன்றின் பதிலும் சரிபார்க்கப்படுகிறது. ஆனாலும் ஓட்டை. முதல் எடுப்புக்கும் இரண்டாம் எடுப்புக்கும் நடுவில் இன்னொரு கோரில் ஓடும் திரெட் அந்த நீளத்தை 64-இலிருந்து 6,400 ஆக்கிவிடலாம். பார்த்தது ஒரு எண், பயன்படுத்தியது வேறு எண். லூப் பஃப்பரைத் தாண்டிக் கெர்னல் ஹீப்பில் எழுதிக்கொண்டே போகும்.

நேரம் அவ்வளவு கச்சிதமாக அமையுமா என்று கேட்பார்கள். தாக்குபவர் ஒருதடவை முயன்றுவிட்டுப் போகிறவர் இல்லை, லூப் போட்டு லட்சக்கணக்கில் முயல்வார். 2013-இல் மாத்தேயுஷ் யுர்சிக், கின்வெல் கோல்ட்விண்ட் இருவரும் போக்ஸ் எமுலேட்டரை மாற்றியமைத்து, கெர்னல் ஒரே யூசர் முகவரியை இரண்டு தடவை படிக்கும் இடங்களைப் பதிவுசெய்தார்கள். விண்டோஸ் கெர்னலிலிருந்து இந்த வகை ஓட்டைகள் பல வெளியே வந்தன.

செய்ய வேண்டியது: ஒரே தடவை எடுங்கள், எடுத்த நகலைச் சரிபாருங்கள், அந்த நகலை மட்டுமே பயன்படுத்துங்கள். நீளம் தெரியாமல் முழுசாக எடுக்க முடியாது என்றால், இரண்டாம் நகலுக்குப் பிறகு அதன் நீள ஃபீல்டில் முதலில் சரிபார்த்த எண்ணைத் திரும்ப எழுதிவிடுங்கள். வெர்ஷனுக்கு வெர்ஷன் வளரும் ஸ்ட்ரக்சருக்கு என்றே 5.4-இல் காப்பி_ஸ்ட்ரக்ட்_ஃப்ரம்_யூசர் வந்திருக்கிறது.

உங்கள் முதல் கோடுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நேராகப் படிக்கும்போது, சி கோடில் ஒரே தடவை எழுதியிருந்தாலும் கம்பைலர் அந்த மதிப்பை மறுபடி மெமரியிலிருந்து எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. கண்ணுக்கு ஒரு எடுப்பு, சிப்புக்கு இரண்டு.

16 மார்ச், இரவு 8.15

ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை கோர் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காப்பி_ஃப்ரம்_யூசர் தூங்கலாம். பேஜ் டிஸ்க்கில் இருந்தால் அது வரும்வரை பிராசஸ் காத்திருக்கும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடாது. ஆகவே முதலில் நகல், பிறகு லாக்.

19 மார்ச், இரவு 10.45

ஞாயிறு எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "நான் லாக்குக்குள்தான் காப்பி செய்கிறேன், தொங்கியதே இல்லை, எப்போதாவது ஈஃபால்ட் வருகிறது, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். இது விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் கெர்னலை எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இதே பிழை வேறு வேறு முகம் காட்டும்.

பிரீஎம்ப்ட் எண்ணிக்கை (இப்போது வேலையை இடைமறிக்கக்கூடாது என்பதற்கான கணக்கு) வைத்திருக்கும் கெர்னலில், ஸ்பின்லாக் பிடித்திருப்பது ஃபால்ட் ஹேண்ட்லருக்குத் தெரியும். அது பேஜைக் கொண்டுவர முயலாது, நேராக எக்ஸெப்ஷன் டேபிளுக்குப் போகும். பாயிண்டர் சரியாக இருந்தும் உங்களுக்கு ஈஃபால்ட். அந்த எண்ணிக்கை இல்லாத கெர்னலில் ஹேண்ட்லருக்கு எதுவும் தெரியாது, லாக்கோடு தூங்கப் போய்விடும். அடுத்த கோரில் அதே லாக்குக்காகச் சுற்றுகிறவர் சுற்றிக்கொண்டே இருப்பார்.

டெஸ்டில் வராததற்கும் காரணம் உண்டு. டெஸ்ட் புரோகிராம் பஃப்பரை நிரப்பிவிட்டு உடனே ஐஆக்டல் கூப்பிடும், பேஜ் சூடாக மெமரியில் இருக்கும். கஸ்டமர் இடத்தில் மெமரி நெருக்கடி, பேஜ் வெளியே போயிருக்கும். டெவலப்மென்ட் கெர்னலில் டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் போட்டுவிடுங்கள். பேஜ் சூடாக இருந்தாலும் "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வாலிட் காண்டெக்ஸ்ட்" என்று முதல் தடவையிலேயே கத்தும்.

22 மார்ச், மாலை 5.30

"இவ்வளவு பயம் தேவையா, கெர்னல்காரர்களே சரியாகத்தானே எழுதுகிறார்கள்" என்று ஒரு கருத்து. அவர்களுக்கும் நடந்திருக்கிறது.

2017-இல் 4.13 வெளிவந்தபோது வெயிட்ஐடி (பிள்ளை பிராசஸுக்காகக் காத்திருப்பது) என்ற சிஸ்டம் காலை வேகப்படுத்தத் திருத்தியிருந்தார்கள். அன்சேஃப்_புட்_யூசர் என்ற வேகமான வகையைப் பயன்படுத்தினார்கள். ஆக்சஸ்_ஓகே பார்ப்பது கூப்பிடுகிறவர் பொறுப்பு என்பது அதன் ஒப்பந்தம். அந்த ஒரு வரி விடுபட்டது. கெர்னல் முகவரியைக் கொடுத்தால் அங்கேயே எழுதும். இந்த ஓட்டையின் பொதுப் பதிவு எண் சிவிஇ-2017-5123. முன்னால் சொன்னேனே, ஸ்மாப் இந்த வகையைத் தடுக்காது என்று, அதற்கு இதுவே சாட்சி.

அதைவிடச் சிக்கலானது 2010-இல் நெல்சன் எல்ஹேஜ் கண்டுபிடித்தது, சிவிஇ-2010-4258. அப்போது செட்_எஃப்எஸ் என்று ஒன்று இருந்தது. கெர்னல் தன் சொந்த பஃப்பரை யூசர் பாயிண்டர் போல அனுப்ப வேண்டியிருந்தால், "இப்போதைக்கு எல்லை பார்க்காதே" என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் பழையபடி வைக்கும். நடுவில் ஊப்ஸ் வந்தால் பழையபடி வைப்பது யார்? செத்துக்கொண்டிருக்கும் பிராசஸ் போகிற போக்கில், திரெட் முடிந்ததைச் சொல்ல, யூசர் முன்பே பதிந்துவைத்த முகவரியில் ஒரு பூஜ்யத்தை எழுதும். எல்லை திறந்தே கிடப்பதால் அது கெர்னல் முகவரியாக இருந்தாலும் போகும். வெறும் ஊப்ஸ் என்று நினைத்த பல பிழைகள் இதனால் ரூட் வழிகளாகிவிட்டன. 5.10-இல் எக்ஸ்86-இலிருந்து எடுக்க ஆரம்பித்து, 2022-இல் 5.18-இல்தான் செட்_எஃப்எஸ் முழுசாக ஒழிந்தது. இணையத்தில் பழைய உதாரணக் கோடில் அதைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

23 மார்ச், காலை 9.20

மாரத்தஹள்ளியில் விண்டோஸ் டிரைவர் எழுதும் நண்பர் கேட்கிறார்: "எங்களிடம் பிழை வந்தால் பிடிக்கும் ட்ரை, எக்ஸெப்ட் இருக்கிறது, சந்தேகமான பாயிண்டர் எதையும் அதற்குள் போட்டால் போதுமே?"

யூசர் முகவரிக்கு ஆமாம். புரோப்ஃபார்ரீட் போட்டு எல்லை பார்த்துவிட்டு, ட்ரைக்குள் நகல் எடுப்பதுதான் அங்கே முறை. கெர்னல் முகவரிக்கு இது செல்லாது. செல்லாத கெர்னல் முகவரியைத் தொட்டால் எக்ஸெப்ட் வரை கட்டுப்பாடு வருவதே இல்லை, நேராக நீலத்திரை. எம்எம்ஐஸ்அட்ரஸ்வேலிட் கேட்டுப் பார்த்தாலும், அது ஆமாம் சொன்ன மறுநொடி பேஜ் போகலாம்; பயன்படுத்தாதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் விழுந்தது கெர்னல் பக்கத்து எல்லை மீறிய படிப்பால்தான். 21 ஃபீல்டு எதிர்பார்த்த இடத்தில் 20 வந்தது. விழுந்த மெஷின்கள் 85 லட்சம் என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. எண்ணிப் பார்க்கும் ஒரு வரி அதைத் தடுத்திருக்கும்.

லினக்ஸில் சந்தேகமான கெர்னல் முகவரியைப் படிக்க காப்பி_ஃப்ரம்_கெர்னல்_நோஃபால்ட் உண்டு. 5.8-க்கு முன் அதன் பெயர் புரோப்_கெர்னல்_ரீட். டீபக்கர், டிரேஸிங், பிபிஎஃப் இவற்றுக்கானது. படிக்கும்போது விழாமல் காப்பாற்றும். படித்தது சரியான பொருளா என்பதற்கு அது பொறுப்பில்லை. விடுவித்த மெமரி இன்னும் மேப் ஆகித்தான் இருக்கும், நிம்மதியாகக் குப்பையைத் தரும். டிவைஸ் ரெஜிஸ்டர் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். படித்தாலே தன்னை அழித்துக்கொள்ளும் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்கள் உண்டு. எட்டிப் பார்த்ததற்கே ஒரு இன்டரப்ட் காணாமல் போகும்.

27 மார்ச், இரவு 11.10

வெளியே போகும் திசையை எல்லாரும் மறக்கிறோம். ஒரு பைட் வகை, அடுத்து நான்கு பைட் மதிப்பு. ஸ்ட்ரக்சர் அளவு 5 இல்லை, 8. நடுவில் மூன்று பைட் பேடிங், கம்பைலர் தானாகச் சேர்க்கும் வெற்றிடம். ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக மெமரியில்) அந்த ஸ்ட்ரக்சரை வைத்து, இரண்டு ஃபீல்டையும் நிரப்பி, காப்பி_டு_யூசர் போட்டால் அந்த மூன்று பைட்டில் முன்பு ஸ்டாக்கில் கிடந்தது அப்படியே வெளியே போகும். இன்று லேபில் ஒரு டிரைவரை ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று பைட் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கெர்னல் பாயிண்டரின் துண்டு அதில் இருந்தால் முகவரியைக் கலைத்துப்போடும் காப்பெல்லாம் பலவீனமாகிவிடும். மெம்செட் போட்டு முழுசாகத் துடைத்துவிட்டு நிரப்புங்கள். ஃபீல்டுகளுக்குத் தொடக்க மதிப்பு கொடுத்துவிட்டேன் என்பது பேடிங்கைத் துடைத்ததாக ஆகாது. 6.1-இல் வந்த கேஎம்சான் என்ற சோதனைக் கருவி இந்தக் கசிவுகளைப் பிடிக்கும்.

30 மார்ச், மாலை 6.40

கருவிகள் பற்றிக் கேட்டவருக்கு. பாயிண்டருக்கு முன்னால் __யூசர் என்று குறியிடுங்கள், மேக் கட்டளையில் சி=1 போட்டு ஸ்பார்ஸ் என்ற கோடு சரிபார்க்கும் கருவியை ஓட்டுங்கள். இந்த இழையின் முதல் கேள்வியில் இருந்த கோடை அது கம்பைல் நேரத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். கெர்னல் பக்கத்து எல்லை மீறலுக்கு 4.0 முதல் கேசான் என்ற கருவி இருக்கிறது. எட்டு பைட்டுக்கு ஒரு பைட் நிழல் மெமரி, வேகமும் குறையும், ஆகவே லேபுக்கு மட்டும். ரஸ்ட் மொழிப் பக்கம் யூசர்ஸ்லைஸ் என்ற வகையைப் பாருங்கள். ரீடர் படிக்கப் படிக்க முன்னேறிக்கொண்டே போகும், ஒரே இடத்தை இரண்டாம் தடவை படிப்பது தற்செயலாக நடக்காது. 15-ஆம் தேதி நான் நீட்டி முழக்கியதை அவர்கள் டைப்பிலேயே கட்டிவிட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

6 ஏப்ரல், காலை 10.30

தம்பி, கடைசியாகப் போட்ட பேட்ச் பார்த்தேன். ஒரே தடவை நகல், மைனஸ் ஈஃபால்ட், லாக்குக்கு வெளியே, பேடிங் துடைத்தது, எல்லாம் சரி. பை 5-இல் ஓடுகிறது என்பதும் நல்ல செய்தி.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரக்சருக்குள் இன்னொரு பாயிண்டர் ஃபீல்டு வைத்திருக்கிறீர்கள். வெளி ஸ்ட்ரக்சரை நகலெடுத்ததால் உள்ளே இருக்கும் பாயிண்டர் நம்பத்தக்கதாக ஆகிவிடாது, அதற்கும் தனியாகக் காப்பி_ஃப்ரம்_யூசர் வேண்டும். 212-ஆவது வரியில் அதை நேராகத் தொடுகிறீர்கள். 64 பிட் கெர்னலில் 32 பிட் ஆப் ஓடினால் பாயிண்டரின் அளவே வேறு, பின்னால் வரும் ஃபீல்டுகள் எல்லாம் இடம் மாறும். அதை 64 பிட் முழு எண்ணாக அறிவியுங்கள், கெர்னலுக்குள் யூ64_டு_யூசர்_பிடிஆர் மேக்ரோ போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆப் எழுதுபவரிடமும் ஹெடர் மாறியதைச் சொல்லிவிடுங்கள். முடித்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.